அண்ணி எழுத மறுத்த வரவு

வங்கி மேலாளர் கேட்ட மாத வரவு செலவு மதிப்பீட்டை எழுத நானும் அண்ணியும் உட்கார்ந்த அந்தப் பிற்பகலை என்னால் மறக்க முடியவில்லை. இறந்தவர்களின் உடலைக் கிடத்தும் குளிர்பெட்டியை வாடகைக்கு விடும் தொழிலை அண்ணன் பிள்ளையார்பாளையத்தில் தொடங்கியிருந்தார். அவர் இறந்த பிறகு அண்ணிதான் நடத்தினார். ஒரு பெட்டி, ஒரு வேன், ஓர் ஓட்டுநர். இரண்டாவது பெட்டிக்குக் கடன் கேட்டிருந்தோம்.

வேன் தவணை, டீசல், சம்பளம், பெட்டி பழுதானால் மெக்கானிக்குக்கு என்று செலவுகளை அண்ணி தயங்காமல் சொன்னார். வரவுக்கு வந்தபோது, "மாசத்துக்கு எத்தனை வாடகைன்னு போடட்டும் அண்ணி?" என்றேன்.

"எத்தினி பேரு சாவணும்னு நான் எழுதித் தரணுமா தம்பி?"

போன வருடத்தைப் பார்த்துச் சராசரி போடலாம், அது கணக்குதானே என்றேன். அப்போதுதான் மனதில் அடைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னார்.

"எதிர்வீட்டு அண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சுன்னு அவங்க வீட்டுல அழுதுக்கினு இருந்தாங்க. நானும் அழுதேன். அழுதுக்கினே, இந்த மாசத் தவணைய கட்டிடலாம்னு மனசுல ஓடுது. அன்னிலேர்ந்து எனக்கு சோறு எறங்கல தம்பி."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

மறுவாரம், பெட்டி ஏற்றும்போது மடக்கிக்கொள்ளும்படி வேனில் இருக்கைகள் பொருத்தினார். டயாலிசிஸுக்குப் போகிறவர்களை மாதக் கட்டணத்தில் மருத்துவமனைக்கு அழைத்துப் போவது அவர் முடிவு. தவணையும் சம்பளமும் அதிலேயே அடைபட வேண்டும். அந்த வண்டியில் யார் ஏறுவார்கள் என்று நான் பயந்தேன். முதலில் ஏறியவர் எதிர்வீட்டுக்காரர்.

"என்னிக்கினாலும் ஏறப்போற வண்டிதாம்மா. இப்ப உக்காந்துக்கினு போறேன்," என்றார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள்.

புதிய மதிப்பீட்டில் பெட்டி வாடகைக்கான இடம் காலியாகவே இருந்தது. "பெட்டிக்குத்தானே கடன் கேக்கறீங்க, அதுல வரவே காட்டலியே?" என்றார் மேலாளர்.

"வரும் சார். அதை நம்பி நான் தவணை கட்ட மாட்டேன்," என்றார் அண்ணி.

கடன் கிடைக்கவில்லை. இன்றைக்கும் எங்களிடம் ஒரே பெட்டிதான். இரண்டு வீடுகளிலிருந்து ஒரே நாளில் அழைத்தால் ஒரு வீட்டாரை வேறு கடைக்கு அனுப்பிவிடுகிறோம். அதில் எனக்கு வெகுநாள் வருத்தம் இருந்தது.

ஆனால் கடன் கிடைக்காமல் போன அந்த வருடம் ஆடி மாதத்தில் பெட்டி ஒருமுறைகூட வெளியே போகவில்லை. மருத்துவமனைச் சவாரியில் வந்த பணத்திலேயே தவணை கட்டி, சம்பளம் கொடுத்தபின் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. அண்ணி தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் நின்று, "இப்ப ஒடம்பு எப்பிடி இருக்குதுண்ணே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் வேறெதுவும் கலந்திருக்கவில்லை.