விரியனுக்கு முன்னால் விரித்த குடை

கத்திப்பாராவில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில், நான் பல்லாவரம் மலையில் ஆடு மேய்த்தேன். சாயங்காலம் அங்கே நடக்க ஒரு டீச்சரம்மா வருவார். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேலை, கழுத்தில் சிலுவை. வெயில் இறங்கிய பிறகும் கறுப்புக் குடையை மடக்கவே மாட்டார்.

ஒருநாள் என் ஆட்டுக்குட்டி பாறை இடுக்கில் ஒண்டி நின்று நடுங்கியது. அதற்கு எதிரே ஒரு சுருட்டை விரியன், செதிலோடு செதிலை உரசி, ரம்பம் அறுப்பதுபோல் சத்தம் போட்டது. கல்லைத் தூக்கினேன். குறி தப்பினால் குட்டி செத்துவிடும்.

பின்னால் வந்த டீச்சரம்மா, “கல்லைப் போடுங்கக்கா. நடுவுல குடைய வைக்கிறேன், நீங்க குட்டியத் தூக்கிடுங்க” என்றார்.

“இன்னா டீச்சரம்மா, பாஞ்சுடப் போவுது!”

“பாயட்டும். குடைக்கு உயிரா இருக்கு?”

விரித்த குடையைத் தரையோடு நகர்த்திப் பாம்புக்கும் குட்டிக்கும் நடுவே சுவராக வைத்தார். துணியில் பொத்தென்று அடி விழுந்தது. அதற்குள் நான் பாறை மேலிருந்து குனிந்து குட்டியைத் தூக்கிவிட்டேன். பாம்பு புதருக்குள் போய் மறைந்தது.

“பாத்தியா டீச்சரம்மா, ரெண்டு பொம்பளைங்க விரியனையே தொரத்திட்டோம்!”

“அது வீட்டுல போய் என்ன சொல்லுமோ, அக்கா!”

நாங்கள் சிரித்த சிரிப்பு மலையடிவாரம் வரைக்கும் கேட்டிருக்கும். துணியில் விஷம் இரண்டு பொட்டாக ஈரமாயிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. அதே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி இறங்கிப் போனார்.

அந்தக் குட்டியின் வம்சம்தான் இன்று என் பட்டி முழுக்க நிற்கிறது. வெயிலில்லாத நேரத்தில் அவர் ஏன் குடை பிடித்தார் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.