நைனாவின் கட்டைவிரல்

இன்று புதுவாயலில் ஒரு லாரி கக்கிய டீசல் வாடை, எழுபதுகளில் என் நைனா அங்கே வைத்திருந்த, இப்போது இல்லாமல் போய்விட்ட கொட்டகைக்கு என்னை இழுத்துப் போனது. பட்டாளத்திலிருந்து திரும்பி மெக்கானிக்கான நைனா, மனிதர் முகம் பார்க்கப் பிடிக்காமல் லாரிகளுக்கு அடியிலேயே கிடப்பார். க்ரீஸ் அப்பிய பாதங்கள் மட்டும் வெளியே தெரியும்.

"கூப்புடாதடி. சண்டையில பாத்ததெல்லாம் இன்னும் அவுரு கண்ணுலயே கீது" என்பாள் அம்மா.

பள்ளி விட்டதும் அந்தப் பாதங்களின் பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சர் திட்டியது, கூரை ஒழுகியது என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஸ்பேனர் சத்தம் நின்றுவிடும். "நைனா, கேட்டுகினு கீறியா?" என்றால் கால் கட்டைவிரல் மெல்ல ஆடும்.

அவரைக் கிடத்தியிருந்த அன்று எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் காலருகே உட்கார்ந்து அதையே கேட்டேன்.

கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.