மருந்துக்கீரையும் மாப்பிள்ளையும்

மருந்துக் கம்பெனியின் கண்ணாடிக் கூடாரத்துக்குப் பின்னால் இருக்கும், கழிவை எரிக்கும் உலைதான் கரியண்ணனின் உலகம். கூடாரத்துக்குள் வளர்வது பார்வைக்குச் சாதாரணக் கீரை. அதன் மரபணுவில் எதையோ செருகி, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை இலையிலேயே ஊற வைத்திருந்தார்கள். இதய நோயாளிகளுக்கு ஆகுமாம். கழித்த தண்டு, பழுத்த இலை எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. மூட்டையோடு உலைக்குள் போக வேண்டும். மனிதர்களில் முக்கால்வாசிப் பேரையும் அதே உலையில் போடலாம் என்பது கரியண்ணனின் கருத்து. மேனேஜரை முதலில்.

மூட்டைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவருகிறவன் தங்கை புருஷன். அவனைச் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டதும் இவர்தான். அந்தச் சிபாரிசு விளங்கிய லட்சணம் அன்று தெரிந்தது. ஒரு மூட்டையைத் தூக்கினால் பஞ்சு போல வந்தது. பிரித்தால் மேலே இலை, அடியில் கசக்கித் திணித்த பழைய பேப்பர்.

“என்ன மாப்ளே, கீரையில பேப்பரும் காய்க்குதா?”

அவன் இளித்தான். “உங்க தங்கச்சிக்குத்தான் மச்சான். மாசமா இருக்கறவ, உடம்புல சத்தே இல்ல. பெரிய பெரிய ஆளுங்க சாப்பிடப்போற மருந்தை நீங்க சும்மா எரிக்கிறீங்க. தினம் ஒரு சட்டி வதக்கிக் குடுக்கறேன்.”

“அடேய், மருந்துன்னா சத்துன்னு எவன்டா சொன்னான்? ரத்தம் நிக்காம ஓடறதுக்கான சரக்குடா அது!”

“ஓடினா நல்லதுதானே மச்சான்?”

இவனை அடித்தால் கைக்குத்தான் அவமானம். தங்கைக்கோ இது நிறைமாதம். ‘பல் விளக்கினா ரத்தம் வருதுண்ணா’ என்று போன வாரம் அவள் சொன்னதும், ‘பிரஷ்ஷை மாத்து’ என்று தான் பெரிய மேதாவி போலச் சொன்னதும் நினைவுக்கு வந்தன. மேனேஜரிடம் ஓடினார்.

“ஆஸ்பத்திரியில செடிப் பேச்சையே எடுக்காதீங்க. வதக்கினா மருந்தெல்லாம் போயிருக்கும்” என்றார் மேனேஜர்.

“அப்ப உங்க வீட்டுக்கும் ஒரு பிடி குடுத்தனுப்பவா சார்?”

மேனேஜர் ஏசியைக் கூட்டி வைத்தார்.

தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். “ஏதோ கீரை சாப்பிட்டா டாக்டர்” என்று மாப்பிள்ளை முனகினான். கரியண்ணன் அவனை ஓரமாகத் தள்ளிவிட்டு, எந்தக் கம்பெனி, என்ன செடி, என்ன மருந்து என்று வார்டே கேட்க ஒப்பித்தார். டாக்டரம்மா உடனே ரத்தம் எடுத்துப் பார்த்தார். அது உறையவே மாட்டேன் என்றது.

“சொல்லாம இருந்திருந்தா, பிரசவத்துல ரத்தத்தை நிறுத்தியிருக்கவே முடியாது” என்றார். மாற்று மருந்து கொடுத்து, ரத்தப் பைகளைத் தயாராக வைத்துக்கொண்டார்கள். பெண் பிறந்தது. இருவரும் பிழைத்தார்கள்.

“குழந்தைக்கு இனி ஒண்ணும் இல்லையே?” என்றார் கரியண்ணன்.

“இந்தக் கீரையைத் தின்னுட்டு யாரும் பிள்ளை பெத்ததில்லையே. வளர வளரப் பார்க்கணும்.”

கம்பெனியின் பெயரை வெளியே சொன்னதற்காகக் கரியண்ணனுக்குச் சீட்டுக் கிழிந்தது. இப்போது உலையைப் பார்த்துக்கொள்வது மாப்பிள்ளைதான். வாயைத் திறக்காத விசுவாசிக்குப் பதவி உயர்வாம்.

ஆனால் அவன் வீட்டில் கதையே வேறு. அவன் வாங்கி வரும் எதையும், உப்பாகவே இருந்தாலும், அண்ணன் வந்து பார்க்காமல் தங்கை அடுப்பில் ஏற்றுவதில்லை.