முழங்கைப் பூட்டு

ஃபிஜித் தீவில், ரக்கிரக்கி ஊரில் நாங்கள் ஜூடோ பழகிய கூடத்துக்கு ஆறு ஜன்னல்கள். இரண்டில் கண்ணாடி கிடையாது. சாரலடித்துப் பாய் நனைந்துவிடுமே என்பது என் ஓயாத கவலை. ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், பழகிய பதினாறு பேரில் பத்துப் பேர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்துப் போகவிருந்தவன் என் தங்கை கணவன், தச்சன். ஆக்லாந்தில் வேலை உறுதியாகி, ஒன்பது நாளில் தங்கையோடு விமானமேற வேண்டியவன். படுக்கையில் கிடந்த அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டும். அவர்கள் போனால் நான் ஒருவன்.

எங்கள் வாத்தியார் ஒரு ஃபிஜியப் போலீஸ்காரர். அன்று முழங்கைப் பூட்டைக் காட்டினார். கவசமணிந்த ஜப்பானிய வீரனை வாள் வெட்டாது. மடங்கும் மூட்டைக் கவசம் முழுதும் மூடாது. அங்கே பிடித்து முறித்தார்கள், இது பிறந்தது அப்படித்தான் என்றார்.

மச்சான் என் காதருகே குனிந்தான். "அரே, கரும்புத் தோட்டத்துக் கூலி லைன்ல நம்ம தாத்தாமாருங்க குஸ்தியில இதத்தான் போட்டாங்க. கவசமா இருந்திச்சு? கோவணந்தான்!"

நிற்பவன் மணிக்கட்டைத் துரத்திப் பயனில்லை, முதலில் உடலைத் தரையில் அடக்கினால் மூட்டு தானாகக் கைக்கு வரும் என்றார் வாத்தியார். அகப்பட்டவன் தோற்றேன் என்று கையால் தட்டினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். அதை நம்பித்தான் ஒருவன் தன் கையை இன்னொருவனிடம் கொடுக்கிறான்.

மச்சானை மல்லாத்தி, மார்பின்மேல் கால்களைப் போட்டு, அவன் கையை என் தொடைகளுக்கிடையே நீட்டிப் பிடித்தேன்.

"நா போனப்புறம் யாரப் போட்டு அமுக்குவ மச்சான்? உங்கப்பாவையா?" என்று சிரித்தான்.

இடுப்பை உயர்த்தினேன். அவன் என் காலில் தட்டினான். இரண்டு. மறுபடி இரண்டு. பிறகு வேகமாக மூன்று. இன்னும் உயர்த்தினேன். பச்சைக் கரும்பு ஒடிவதுபோல் சத்தம் கேட்டது.

தட்டியதைக் கவனிக்கவில்லை என்றேன். வாத்தியார் நம்பினார். தங்கையும் நம்பினாள்.

ஆஸ்பத்திரியில் அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது, கட்டுப் போட்ட கையோடு கிடந்தவன் கேட்டான்: "கொழம்புல கறிவேப்பிலைய எண்ணுற ஆளு நீ. சொல்லு, எத்தன வாட்டி தட்டினேன்?"

"ஏழு."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரம்பம் பிடிக்க முடியாத தச்சன் வேண்டாமென்று ஆக்லாந்திலிருந்து கடிதம் வந்தது. தங்கை இரண்டு பெட்டிகளையும் பிரித்துத் துணிகளை வெளியே எடுத்தாள்.

"நீ வேணும்னா செஞ்ச? மனசப் போட்டு அலட்டிக்காத அண்ணே," என்றாள்.

சரி என்று தலையாட்டிவிட்டு, காலிப் பெட்டிகளை அலமாரிக்கு மேலே ஏற்றினேன்.