ஹெர்மினே திருப்பிய பக்கங்கள்

பியானோக்காரருக்குப் பக்கம் திருப்புவதெல்லாம் ஒரு வேலையா என்று இளிப்பவர்கள், ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். வியன்னாவில் ஹெர்மினே பத்தொன்பது வருடம் அதைத்தான் செய்தாள். புரொஃபசர் கிராலிக்குக்கு இடப்பக்கம், சற்றே பின்தள்ளி நாற்காலி. வளையல் கூடாது, சென்ட் கூடாது, இருமல் கூடவே கூடாது. அவர் தலையை லேசாகக் குனிவார். இவள் எழுந்து தாளின் மேல்முனையைப் பிடித்துத் திருப்புவாள். கைதட்டல் அவருக்கு, பூங்கொத்து அவருக்கு. கறுப்புக் கோட்டு போட்ட அந்த நெட்டை மனுஷர் இவளை ஏறிட்டுப் பார்த்ததுகூட இல்லை.

கடைசிக் கச்சேரியிலும் தலை குனிந்தது. திருப்பினாள். அந்தத் தலை பிறகு நிமிரவே இல்லை. விரல்கள் மட்டும் அந்தப் பக்கம் முடியும்வரை ஓடி, நின்றன.

"தலை சாஞ்சப்பவே உசிரு போயிருக்கும்மா," என்றார் டாக்டர்.

"அப்போ மீதிய வாசிச்சது யாரு?"

டாக்டர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

சாகிற மனுஷரைத் தாங்கிப் பிடிக்காமல் தாளைத் திருப்பினேனே பாவி என்று ஹெர்மினே மருகினாள். அடுத்த பக்கத்தையாவது திருப்பியிருக்கலாமே என்ற நினைப்பு அதைவிட அரித்தது.

பாதியில் நின்ற அந்தக் கச்சேரி இசைத்தட்டாக வந்தது. இது உசத்தியா, அவருடைய பழைய ரெக்கார்டு உசத்தியா என்று காபிக் கடைகளில் அடித்துக்கொண்டார்கள். உறையைப் பிரிக்கவே ஹெர்மினேவுக்கு மூன்று மாதம் ஆனது.

ஒரு ஞாயிறு மதியம் துணிந்து தட்டைச் சுழலவிட்டாள். மடியில் அன்றைய இசைப் புத்தகம். தாள் திரும்பும் சரசரப்பு கேட்டது. விரல்கள் ஓடி நின்றன. முள் எழும்பித் தன் இடத்துக்குப் போனது, தட்டும் நின்றது.

அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

பியானோ தொடர்ந்தது.

நின்றுபோன தட்டையே வெறித்தாள். பக்கம் முடியப்போகிறதே! அடுத்ததைத் திருப்பினாள். அதற்கடுத்ததையும். பயம்தான், ஆனால் கை ஒருமுறைகூடப் பிசகவில்லை. பதினோராவது பக்கத்தில் அந்த நீண்ட சொனாட்டா இசை முடிந்தது.

"புரொஃபசர்?" என்றாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள். அடுத்த வீட்டுக்காரி போல்டி, கையெல்லாம் மாவு.

"ஏன்டி ஹெர்மி, வீட்டுக்கு ஆம்பளை வந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? கள்ளி!"

"யாருடி வந்தா?"

"நடிக்காத. நெட்டையா, கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு. இப்பத்தான படியிறங்கிப் போறாரு. என்னா வாசிப்புடி! அடுப்புல வெச்ச ஸ்ட்ரூடல் பலகாரம் கருகினதுகூடத் தெரியாம நின்னுட்டேன்."

"ஏதாச்சும் சொன்னாரா?"

"சொன்னாரே. 'அந்தம்மா அன்னைக்குச் சரியாத்தான் திருப்பினாங்க'ன்னாரு. என்னத்தடி திருப்பின?"

ஹெர்மினேவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கோபமும். ஓடிப்போய் மாடிக் கைப்பிடியில் குனிந்து, ஆளே இல்லாத படிக்கட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"அத எம்மூஞ்சியப் பாத்துச் சொன்னா கொறைஞ்சா போயிருப்பீங்க?"