பகல் வேளைச் சொட்டு

விடிந்தால் என் இரண்டு கண்களும் பீளையில் ஒட்டிக்கிடக்கும். உம்மா இளஞ்சூட்டுத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒற்றி ஒற்றித் திறந்துவிடுவார். எத்தனையோ மருந்து விட்டாயிற்று. இமைச் சிவப்பு போன கையோடு திரும்பி வரும். கடைசியில் கிண்ணியாப் பாலம் கடந்து டவுனுக்குப் போய்க் காட்டினோம். கிருமி கொல்லும் சொட்டு மருந்து ஒன்றைத் தந்த கண் டொக்டர், காலை, பகல், இரவு என்று தவறாமல் விடச் சொன்னார். இடையில் நிறுத்தினால் கருவிழி பழுதாகிவிடும் என்றும் எச்சரித்தார். அன்று முதல் உம்மாவுக்கு அந்தக் குப்பிதான் உலகம்.

அந்த நேரம் பார்த்து நோன்பு வந்தது. தெருவில் என்னைவிடச் சின்னவளெல்லாம் முழு நோன்பு பிடிக்கும்போது நான் மட்டும் சளைத்துவிடுவேனா? வரிந்துகட்டிக்கொண்டு நானும் பிடித்தேன். பகல் உம்மா மருந்து விட்டதும் தொண்டை கசந்தது. நோன்பு போய்விட்டதென்று வீடே அதிர அழுதேன். மறுநாள் பகல் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன்.

"கண்ணுக்கு விட்டா நோன்பு முறியா மகள், வெளிய வாங்க."

"அப்ப ஏன் தொண்டையில கசக்குது?"

உம்மா கதிரையில் சாய்ந்து, ஒரு குறையுமில்லாத தன் கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். முகம் சுளித்தது.

"எனக்கும் கசக்குது. நானும் நோன்புதான். இப்ப வாங்க."

இதற்குமேல் என்ன பேச? போய்ப் படுத்தேன். அந்த மாதம் முழுக்க ஒரு பகலும் தவறவில்லை. பெருநாளன்று விடிய, பஞ்சு இல்லாமலே என் கண் திறந்தது. உம்மாதான் அழுதார்.

பெருநாள் கழிந்து ஒரு நாள், பகல் சோற்றுக்கு உம்மா உட்காரவில்லை.

"இண்டைக்கு என்ன நோன்பு?" என்று வாப்பா கேட்டார்.

"அண்டைக்கு என்ட கண்ணுக்கு விட்டனே, அதுக்குப் பதில் நோன்பு. முறிஞ்சிருந்தா?"

"முறியாதெண்டு நீதானே புள்ளக்கிட்டச் சொன்ன?"

"அவ சின்னப்புள்ள, அவக்குக் கடமையில்ல. மறுமையில எனக்குத்தானே கேள்வி."

நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அன்று எனக்கு விளங்கியதெல்லாம், உம்மாவின் பங்கு இறைச்சியும் எனக்குத்தான் என்பது மட்டுமே.