குட்டையில் இறங்கிய அமுதவல்லி டீச்சர்

சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் மலைக்குப் போகும் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பேசியவர் அமுதவல்லி டீச்சரின் தம்பி. "சார், அக்கா தவறிட்டாங்க" என்றார். நான் ஐயோ என்று சொல்லவில்லை. எப்போது என்றும் கேட்கவில்லை. "தண்ணியிலயா?" என்றுதான் கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. "இன்னா தண்ணி சார்? வூட்லதான். கல்யாணத்துக்குன்னு வந்தாங்க. ராத்திரி நல்லா பேசிக்கினு இருந்தாங்க. காலையில எழுப்பினா எந்திரிக்கல. தூக்கத்துலயே நெஞ்சு நின்னுடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு" என்றார். சின்னசேலத்தில், தம்பி வீட்டுக் கட்டிலில் போயிருக்கிறார். எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்க வேண்டாம். அன்று மலையில் செய்தி கேட்ட ஒவ்வொருவரும் என்னிடம் முதலில் கேட்டது அதே கேள்விதான். டீச்சர் தண்ணீரில் போயிருந்தால் எங்கள் குட்டையை அன்றோடு முள் வெட்டிப் போட்டு அடைத்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட அதன் பிறகு நீச்சல் பழகியிருக்க மாட்டார்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமுதவல்லி டீச்சர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்வராயன் மலையில் எங்கள் ஊரில் ஒரு வருடம் விளையாட்டும் பொழுதுபோக்கும் நடத்த ஒரு தொண்டு அமைப்பு அவரை அனுப்பியது. போன வருடம் மாசியில் வந்து இறங்கினார். கனத்த உடம்பு, தேய்ந்த முழங்கால், புடவைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ. பார்த்ததும் இவரா விளையாடப் போகிறார் என்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

நான் அந்த ஊர் ரேஷன் கடையில் விற்பனையாளன். சங்கராபுரத்துக்காரன். மனைவியோடும் மகள் நித்யாவோடும் மலையிலேயே குடியிருக்கிறேன். மலைப்பாதை வளைவில் பேருந்து திரும்பும்போது கண்ணை மூடிக்கொள்கிற பயந்தாங்கொள்ளி. கடைக்கு எல்லா வீட்டாரும் வந்து போகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக என்னை விளையாட்டுக் குழுவுக்குச் செயலாளர் ஆக்கினார்கள்.

முதலில் கைப்பந்துத் திடல். மரவள்ளி பிடுங்கிய சரிவு நிலம் ஒன்றைச் சமப்படுத்த வேண்டியிருந்தது. பொது வேலை என்றால் இங்கே வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். வர வேண்டியவருக்கு முடியாவிட்டால் அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் வருவார். பெயரைக் கூப்பிட்டால் வராதவர் பெயருக்கு, வந்து நிற்பவரே "இருக்கேன்" என்பார். ஆண்டி என்று கூப்பிட, ஆண்டியின் மனைவி "இருக்கேன்" என்று மண்வெட்டியோடு முன்னால் வந்து நின்றார். டீச்சர் ரசித்துச் சிரித்தார். "நல்ல ஊரு சார். இங்க யாருக்கும் லீவு லெட்டரே தேவைப்படாது போலிருக்கு" என்றார்.

திடல் தயாரானதும் பந்து பள்ளத்தில் உருண்டது. அதைத் தேடி இறங்குவதிலேயே பாதி ஆட்டம் போனது. மூங்கில் தட்டி கட்டினோம். பழைய கிடங்கு ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்து கேரம் பலகை போட்டோம். ஆண்கள் அங்கேயே குடியிருக்க ஆரம்பித்ததும் டீச்சர் வெள்ளிக்கிழமை மாலைகளைப் பெண்களுக்கு என்று பிடுங்கிக் கொடுத்தார். "அன்னிக்கி ஒரு நாள் நீங்க சோறு வடிங்க, செத்துட மாட்டீங்க" என்றார் ஆண்களிடம். அந்த வெள்ளிக்கிழமைகளில் வளையப்பந்து ஆட வந்தவர்களில் ராசாத்தியின் கைக்கு யாரும் ஈடு இல்லை. ராசாத்தி அதிகம் பேசாதவர். அவருடைய தம்பி சிறு வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஓடை வெள்ளத்தில் போய்விட்டான். அதற்குப் பிறகு ராசாத்தி துணி துவைக்கக்கூட ஓடைக்குப் போனதில்லை.

அந்த ஓடையைத் தாண்டித்தான் இன்றும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். என் மகளும் போகிறாள். ஐப்பசி கார்த்திகையில் நான் கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தாலும் காது ஓடைப் பக்கமே இருக்கும். டீச்சர் இதைக் கேட்டுக்கொண்டார். ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தார். "தண்ணிக்கிட்ட போவாத, போவாதன்னு சொல்றோம். அப்புறம் தெனமும் ஓடையத் தாண்டி அனுப்பறோம். இது இன்னா சார் நியாயம்?" என்றார். ஊருக்குக் கீழே தடுப்பணையில் தேங்கும் குட்டையில் நீச்சல் சொல்லித் தரப்போவதாகச் சொன்னபோது தட்டில் போட்ட அரிசியை நான் சாக்கிலேயே திருப்பிக் கொட்டினேன்.

"உங்களுக்கு பயம் ஜாஸ்தியா சார்?"

"ரொம்ப ஜாஸ்திங்க டீச்சர்."

"அப்ப கரையில நிக்கறதுக்கு நீங்கதான். தைரியசாலிய நிக்க வெச்சா அவன் போன் பாத்துக்கினு இருப்பான்."

அவரும் பயந்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் பாறையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். முகம் வெளுத்துப் போயிருக்கும். "எனக்கும் வயித்தக் கலக்குது சார். வெளிய சொல்லாதீங்க, பசங்க ஓடிடும்" என்பார். பிறகு இறங்குவார். ஆழத்துக்கு முன்னால் கயிறு கட்டி, அதில் காலி எண்ணெய் கேன்களை மிதக்கவிட்டிருந்தார். மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் முதுகில் கை கொடுத்து மிதக்க வைப்பார். விசில் அடித்தால் எல்லோரும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் பெயரைக் கூப்பிடுவார். பிள்ளைகள் "இருக்கேன்" என்பார்கள்.

வைகாசியில் ஒரு ஞாயிறு. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, திடீரென்று மலை மேலிருந்து மூட்டம் இறங்கி, கயிறு எங்கே, கேன் எங்கே என்று தெரியாமல் குட்டையை மூடிவிட்டது. மழையும் தூற ஆரம்பித்தது. டீச்சர் விசில் அடித்துப் பெயர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொரு குரலாக வந்தது. ராசாத்தியின் மகள் மலரைக் கூப்பிட்டபோதும் "இருக்கேன்" என்று வந்தது, நானே கேட்டேன். எல்லோரும் கரையேறினார்கள். நான் நித்யாவைத் துவட்டிக்கொண்டிருந்தேன். அவள் கையில் இன்னொரு துண்டு இருந்தது.

"அப்பா, மலர் எங்க? அவ துண்டு எங்கிட்ட இருக்கு" என்றாள்.

மலர் இல்லை. கரையில் இல்லை, பாறைப் பக்கம் இல்லை. இப்போதுதானே குரல் கொடுத்தாள்? அப்படியானால் குரல் கொடுத்த பிறகு போயிருக்கிறாள்.  டீச்சர் ஒரு கணம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, "கையக் கோத்துக்குங்க. வுடாதீங்க. காலால தடவிக்கினே வாங்க" என்று சொல்லியபடி முதலில் இறங்கினார். பிள்ளைகளை அழைத்துப் போக வந்திருந்த தாய்மார்கள் புடவையோடு இறங்கினார்கள். ராசாத்தியும் இறங்கினார். அவர் மகளைக் கூப்பிடவில்லை. தம்பியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார், அது அவருக்கே தெரியவில்லை. சங்கிலியின் கரை ஓரத்து முனையில் நான். சேற்றுக்குள் காலை நகர்த்தும்போது ஏதாவது பட்டுவிடுமோ என்று பயம். படவில்லையே என்று அதைவிடப் பயம். ஒரு முறை மெத்தென்று ஏதோ பட்டது. குனிந்து தூக்கினேன். ஊறிப்போன சாக்கு. அதைப் பிடித்தபடியே நான் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

அப்போது மேலே சரிவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா, தண்ணிக்குள்ள இன்னா தேடிக்கினு இருக்கீங்க?"

மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு மலர் நின்றாள். மழை வருகிறது, ஆட்டை ஓட்டிக் கட்டு என்று மாமன் வந்து கூப்பிட்டானாம். அவள் முன்பே கரையேறிப் போய்விட்டாள். பொறுப்பான பிள்ளை, சும்மா போகவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த சித்தப்பா மகள் பச்சையைத் தன் இடத்தில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறாள். நாங்கள் பார்த்த பார்வையில் பச்சை நடுங்கிப் போனாள். "எங்க வூட்டு ஆளத்தான கூப்ட்டாங்க? அதான் இருக்கேன்னு சொன்னேன்" என்று விசும்பினாள். டீச்சர் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மலரின் துண்டை வாங்கி அவள் தலையைத் துவட்டினார்.

அடுத்த நாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்த் தலைவரான கவுண்டர் மரியாதையாகத்தான் பேசினார். "நல்லதுக்கு வந்தீங்க டீச்சர். பந்து ஆடுங்க, கேரம் ஆடுங்க. அந்தக் குட்டை மட்டும் வேணாங்க. பயமா இருக்குது" என்றார்.

"எனக்கும் பயமாதான் இருக்குதுங்க" என்றார் டீச்சர். ஊரே நிமிர்ந்து பார்த்தது. "பச்சை மேல தப்பு இல்ல. மொத நாள்லேர்ந்து நீங்க ஆளு மாத்தி நிக்கறத நான் பாத்துக்கினுதான் இருந்தேன். சிரிச்சேன். தண்ணிக்குள்ள அது ஆவாதுன்னு சொல்லித் தர எனக்குத் தோணல. தப்பு என்னுது."

பிறகு ஒன்று கேட்டார். பாதை வெட்ட வருவது போல வீட்டுக்கு ஓர் ஆள் முறை வைத்துக் குட்டைக் கரைக்கு வர வேண்டும். "கரையில யாருக்குப் பதிலா யார் வேணும்னாலும் நில்லுங்க. தண்ணியில மட்டும் பதில் ஆளு கெடையாது. பேரைக் கூப்ட்டா எங்கிட்ட வந்து மூஞ்சியக் காட்டணும். நான் கையால புடிச்சிப் பாப்பேன்."

கவுண்டர் மழைக்காலம் வரை பார்ப்போம் என்றார். அதன் பிறகு கரையில் எப்போதும் கூட்டம். வந்தவர்களில் சில பெண்கள் டீச்சரிடம் தாங்களும் பழகினார்கள். குட்டையை முதலில் நீந்திக் கடந்த பெண் ராசாத்திதான். கரையேறியதும் வாந்தி எடுத்தார். அடுத்த ஞாயிறு மறுபடி வந்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் கொட்டித் தீர்த்தது. பள்ளி விட்டும் நித்யா வரவில்லை. கடையைப் போட்டது போட்டபடி ஓடையை நோக்கி ஓடினேன். செந்தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. அந்தக் கரையில் யாரும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நேரத்தை எழுத எனக்குத் தெம்பு இல்லை. மழை விட்டு, சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு, வாத்தியார் ஒருவர் பிள்ளைகளை அழைத்து வந்தார். "தண்ணி செவப்பா வந்துச்சுப்பா. நீந்தத் தெரிஞ்சாலும் செவப்புத் தண்ணியில கால் வெக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிருக்காங்க. அதான் நாங்க எல்லாம் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிட்டோம்" என்றாள் நித்யா. அன்று மாலை நான் கேரம் கிடங்குக்குப் போய் டீச்சர் முன்னால் நின்றேன். அவர் ஸ்டிரைக்கரை என் பக்கம் தள்ளி, "ஆடுங்க சார்" என்றார்.

ஒரு வருடம் முடிந்தும் அவர் போகவில்லை. தம்பி வீட்டுக் கல்யாணத்தை முடித்துவிட்டு வந்து கோடைக்குக் குட்டையைத் திறக்கலாம் என்றுதான் கீழே இறங்கினார். செய்தி வந்ததும் நாங்கள் வேன் பிடித்துச் சின்னசேலம் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த முகத்தை நித்யாவும் மலரும் பச்சையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இது நேற்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. யாரும் கூப்பிடாமலே எல்லோரும் குட்டைக்கு வந்துவிட்டோம். பிள்ளைகள் கரையில் நின்றார்கள். தண்ணீரில் யாரும் இல்லை. கவுண்டர், "எறக்கி வுட ஆளு இல்லாம எப்படிங்க? முள்ளு வெட்டிப் போட்டுடலாம்" என்றார். யாரும் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் செத்துப் பிழைக்க வேண்டாம். மறு பக்கம் ஐப்பசி வருகிறது. தண்ணீர் தெரியாத சின்னப் பிள்ளைகள் இந்த வருடம் புதிதாகப் பள்ளிக்குப் போகிறார்கள்.

ராசாத்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. அங்கே நின்று திரும்பினார். 

"டீச்சருக்குப் பதிலா எறங்கறியா?" என்று கவுண்டர் கேட்டார்.

"தண்ணியில பதில் ஆளு கெடையாதுங்க. நான் ராசாத்தி. நான் எறங்கறேன்."

பிறகு மலரைக் கூப்பிட்டார். மலர் நீந்திப் போய் முகத்தைக் காட்டினாள். ராசாத்தி இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பிடித்து, பெற்ற மகளை அன்றுதான் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். அடுத்து நித்யாவைக் கூப்பிட்டார். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். போ என்று தலையை ஆட்டினேன்.

டீச்சர், கவலையில்லாமல் போய் வாருங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இந்த வருடமும் மழை வரும். உங்கள் பயத்தை ஆளுக்குக் கொஞ்சமாக நாங்கள் வாங்கிக்கொண்டோம். நீங்கள் இனிப் பயப்பட வேண்டாம். நித்யா தண்ணீரில் இறங்கிவிட்டாள்.